தொட்டுப் படிக்கிற சுகம் யாருக்கு?

போன மாதம் ஒரு வாசகர் சந்திப்புக்குப் போயிருந்தேன். பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்கள் கூடிய கூட்டம். ஊர் பேர் வேண்டாம். அவர்கள்மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவுமில்லை, டீயும் வடையும் வயிறாரக் கொடுத்தார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. இணையத்தில் ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டிருக்கும் பழைய இதழ்களைப் படிப்பது ஒரு படிப்பா? கடைசியில் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்துத் தீர்ப்பே சொல்லிவிட்டார். "என்னதான் சொல்லுங்க, செல்லுல பார்க்கிறதெல்லாம் படிப்பே கிடையாது. காமிக்ஸ்னா கையில எடுக்கணும். தாளைத் தொட்டுப் பார்க்கணும். மோந்து பார்க்கணும். அந்தச் சுகம் அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்."

அரங்கமே கைதட்டியது. நானும் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். மூன்றாவது தட்டுக்குக் கை எழவில்லை. அனுபவித்தவனுக்குத்தான் தெரியும், சரி. அனுபவிக்க விடாமல் நிறுத்தி வைக்கப்பட்டவனிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? அன்று கேட்கவில்லை. கேட்காததால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில். தமிழ் காமிக்ஸுக்குச் சிவகாசி எப்படிப்பட்ட ஊர் என்பது வாசகர்களுக்குத் தெரியும். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்தது அங்கிருந்துதான். 1984இல் லயன் காமிக்ஸ் வந்ததும் அங்கிருந்துதான். ஆக, காமிக்ஸின் தலைநகரத்தில் பிறந்தவன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என் கைக்கு வந்த காமிக்ஸ் கடையிலிருந்து வரவில்லை. மூட்டையில் வந்தது.

எங்கள் வீட்டில் அம்மாவும் அக்காவும் நானும் பட்டாசுக்குப் பேப்பர் குழாய் சுற்றுவோம். குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றுவதற்கான தாளை ஏஜெண்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். பழைய செய்தித்தாள், பரீட்சைத் தாள், அச்சகத்தில் மை கூடியோ குறைந்தோ கழித்துக்கட்டிய வேஸ்ட் தாள். சில நாள் அதில் படக்கதைத் தாளும் இருக்கும். மடிக்காத, வெட்டாத முழு ஃபாரம். அச்சுத்தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும், முழுத்தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் இருக்கும், மேல்வரிசை முழுக்கத் தலைகீழாக நிற்கும். நான் தாளைத் தரையில் விரித்துச் சுற்றிச் சுற்றி வந்து படிப்பேன். வில்லன் செத்த பிறகு கொள்ளை நடக்கும். ஹீரோ கட்டுப்பட்டுக் கிடப்பான், கட்டியது யார் என்று தெரியாது, அந்தப் பக்கம் அடுத்த ஃபாரத்தில் இருந்திருக்கும். அது எந்த வீட்டு மூட்டைக்குப் போனதோ. "படிச்சது போதும், சுத்துடா" என்று அம்மா அதட்டுவார். படித்த தாளைக் கிழித்து, கம்பியில் சுற்றி, பசை தடவி உருட்டினால் மாயாவியின் இரும்புக்கை ஒரு குழாய்க்குள் போய்விடும். தீபாவளிக்கு யார் வீட்டு வாசலிலோ வெடிக்கும்.

அந்தத் தாளை நான் தொட்டிருக்கிறேன். முகர்ந்தும் இருக்கிறேன், மை வாசமும் பசை வாசமுமாக. சுகம் என்று தோன்றியதில்லை.

முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை ஒழுங்காகத் தைத்த காமிக்ஸ் புத்தகத்தை நான் பார்த்தது ஐந்தாம் வகுப்பில். என் வகுப்பில் ஊர்த்தெருப் பையன் ஒருவன் இருந்தான். அவன் மாமா மாதாமாதம் வாங்கித் தருவார். நல்ல பையன்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். சனிக்கிழமை மதியம் அவன் திண்ணையில் உட்கார்ந்து படிப்பான். நான் தெருவில் நின்று பார்ப்பேன். "நீ கீழயே நில்லுடா, நான் புரட்டுறேன்" என்பான். அவன் என்னைவிட மெதுவாகப் படிப்பவன். இரண்டு பக்கத்தையும் முடித்துவிட்டு அவன் எப்போது புரட்டுவான் என்று காத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் காற்றடித்துப் புத்தகம் தெருவில் விழுந்துவிட்டது. நான் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவனும் சட்டென்று வாங்கிவிட்டான். உள்ளேயிருந்து பார்த்த அவனுடைய அப்பாயி செம்பில் தண்ணீரோடு வந்தார். புத்தகத்தைத் திண்ணையில் வைக்கச் சொல்லி அதன்மேல் தெளித்தார்.

நியூஸ்பிரிண்ட் தாளில் தண்ணீர் பட்டால் என்னவாகும்? திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தபோது அவன் என்னோடு பேசவில்லை. "ஒன்னாலதான்டா எம் புக்கு வீணாப் போச்சு." நாற்பது வருடம் கழித்து இப்போது சேகரிப்பாளர்களின் விற்பனைப் பட்டியலைப் பார்க்கிறேன். "லேசான நீர்க்கறை உண்டு" என்று போட்டு விலையைக் குறைத்திருப்பார்கள். மழையில் நனைந்ததாகத்தான் இருக்கும். எனக்கு மட்டும் அந்தச் செம்பு ஞாபகத்துக்கு வரும்.

எனவே பெரியவர்களே, தொட்டுப் பார்க்கிற சுகம் என்று நீங்கள் மைக்கில் சொல்லும்போது அந்தத் "தொட்டு" எங்கள் காதில் வேறு மாதிரி விழுகிறது. உங்களை யாரும் தொடாதே என்று சொன்னதில்லை. ஆகையால் உங்களுக்கு அது சுகம். முழுக் காமிக்ஸ் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக, யாரும் புரட்டிக் காட்டாமல், என் வேகத்தில் நான் படித்தது ஒரு பிரவுசிங் சென்டரில். அழுக்கு மானிட்டர், பக்கம் இறங்க ஒரு நிமிடம் ஆகும், மணிக்கு 20 ரூபாய். அது உங்கள் கணக்கில் படிப்பு ஆகாது.

"அதெல்லாம் கிராமத்துப் பழைய கதை. புத்தகம் எல்லோருக்கும் பொது, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும்" என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை 1947க்கு அழைத்துப் போகிறேன். நம்முடைய 1947க்கு அல்ல, அமெரிக்காவின் 1947க்கு.

பிலடெல்பியாவில் ஆரின் இவான்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் இருந்தார். அவர் வேலை பார்த்த நாளிதழ் மூடப்பட்டது. அன்றைய அமெரிக்க காமிக்ஸில் கறுப்பர் என்றால் தடித்த உதடும் உருண்ட கண்ணுமாக எடுபிடி வேலை செய்யும் கோமாளி. பெரிய மேதை என்று கொண்டாடப்படும் வில் ஐஸ்னரின் 'தி ஸ்பிரிட்' தொடரில்கூட எபனி ஒயிட் என்ற பையனை அப்படித்தான் வரைந்தார்கள். இவான்ஸ் தன் தம்பியையும் சில ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு 'ஆல்-நீக்ரோ காமிக்ஸ்' என்ற இதழைக் கொண்டுவந்தார். எழுதியவர்கள், வரைந்தவர்கள், வெளியிட்டவர் எல்லோரும் கறுப்பினத்தவர். 48 பக்கம், விலை 15 சென்ட். மற்ற காமிக்ஸ் அப்போது 10 சென்ட். ஏஸ் ஹார்லெம் என்ற துப்பறிவாளர், லயன் மேன் என்ற கறுப்பு விஞ்ஞானி என்று நாயகர்கள். குறையே இல்லாத இதழ் என்று நான் சொல்ல மாட்டேன். ஏஸ் ஹார்லெம் கதையில் வரும் திருடர்களைப் பார்த்தால் வெள்ளையர் வரைந்த வார்ப்பு இவர்கள் கையிலும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். நம் ஆட்களிடமும் அது உண்டுதானே.

இரண்டாவது இதழ் தயாராகிக்கொண்டிருந்தது. வரவில்லை. ஏன்? இவான்ஸுக்கு நியூஸ்பிரிண்ட் விற்க வியாபாரிகள் மறுத்துவிட்டார்கள். கதையும் படமும் இருந்தது. காகிதம் மட்டும் கொடுக்கப்படவில்லை. ஒரே இதழோடு முடிந்தது.

காகிதத்தைப் புனிதமாக்கிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் காகிதத்துக்கு ஒரு வியாபாரி இருந்தான், ஒரு அச்சகம் இருந்தது, தொங்கவிட்டு விற்க ஒரு கடை இருந்தது, கொண்டுபோய் வைக்க வீட்டில் ஒரு பரண் இருந்தது. இத்தனையும் இருந்தால்தான் இன்று உங்கள் கையில் வாசம் வீசும். ஒழுகும் கூரைக்குக் கீழே முப்பது வருடம் எந்தத் தாள் தங்கும்? 'ஆல்-நீக்ரோ காமிக்ஸ்' அசல் பிரதிகள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன, ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. யாருக்காக அது அச்சிடப்பட்டதோ அந்தக் குழந்தைகளின் பேரப்பிள்ளைகள் அதைக் கனவிலும் வாங்க முடியாது. ஆனால் காப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் யாரோ ஒரு புண்ணியவான் அதை ஸ்கேன் செய்து ஏற்றினார். இன்று சிவகாசிப் பக்கத்துக் காலனியில் உட்கார்ந்து நான் 48 பக்கத்தையும் படிக்கிறேன். காசில்லாமல். பிறகு 2023இல் படங்களை டிஜிட்டலில் புதுப்பித்து 75ஆம் ஆண்டுப் பதிப்பாக அச்சிலும் கொண்டுவந்தார்கள். அதற்கு 2024இல் ஐஸ்னர் விருது கிடைத்தது. ஆமாம், எபனி ஒயிட்டை வரைந்த அதே ஐஸ்னர் பெயரிலான விருதுதான். அச்சு கைவிட்டதைத் திரை காப்பாற்றி, மறுபடி அச்சுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது. திரையில் படிப்பது படிப்பே இல்லை என்றால் இந்த வரலாற்றை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

திரையில் இன்னொன்றும் நடக்கிறது. நிறுத்திப் பார்க்கலாம், பெரிதாக்கிப் பார்க்கலாம், பத்து இதழைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முகமூடி வீரர் மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் லீ ஃபாக் உருவாக்கிய ஃபேண்டம். ராணி காமிக்ஸ் வழியாகத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அவர் பின்னால் அலைந்தோம். நானும்தான். மண்டையோட்டு மோதிரம் என்று பேனாவால் விரலில் வரைந்துகொண்டவன் நான். போன வருடம் பழைய ஸ்கேன் ஒன்றைத் திறந்து, கதையை விட்டுவிட்டு, படத்தின் ஓரங்களை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனேன். காட்டில் ஒரு வெள்ளைக்காரர் மண்டையோட்டு அரியணையில் உட்கார்ந்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாக அப்பா இறந்தால் மகன். சுற்றிலும் குள்ளமான கறுப்பு மனிதர்கள், பெயரில்லாமல், ஒரே முகத்தோடு, காவல் நிற்கிறார்கள். ஆங்கில மூலத்தில் அந்த மக்களுக்கு வைத்த பெயர் "பந்தர்". இந்தியில் அதற்குக் குரங்கு என்று பொருள். பிறப்பால் வரும் தலைமை, பிறப்பால் வரும் ஊழியம். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இந்தக் கதைகளை இந்தியாவில் வெளியிட்டபோது பங்கல்லா என்ற நாட்டின் பெயரை டெங்காலி என்று மாற்றினார்கள். வங்காளத்தை நினைவுபடுத்திவிடுமே என்று. மனம் புண்படக்கூடாது என்று யோசிக்கத் தெரிந்திருக்கிறது. யார் மனம் என்பதுதான் விஷயம்.

சிறுவனாகத் திண்ணைக்குக் கீழே நின்றபோது இது என் கண்ணில் படவில்லை. படவும் முடியாது, அவன் புரட்டுகிற வேகத்தில் ஹீரோவைத்தான் பார்க்க முடியும்.

(இடையில் ஒரு செய்தி. மார்ட்டின் லூதர் கிங்கின் மாண்ட்கோமரி பேருந்துப் போராட்டத்தைப் பற்றி 1957 கடைசியில் 16 பக்கத்தில் ஒரு காமிக்ஸ் வந்தது. விலை 10 சென்ட், இரண்டரை லட்சம் பிரதி, தேவாலயம் தேவாலயமாகக் கொடுத்தார்கள். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ் அதைப் படித்து வளர்ந்தவர்களில் ஒருவர். அவரே 'மார்ச்' என்று மூன்று பாகமாகத் தன் போராட்டத்தைக் காமிக்ஸாக்கினார். அந்த 16 பக்கத்தை வரைந்தவர் யாரென்று வெகுகாலம் வெளியே தெரியாது. சை பேரி என்பது 2018இல்தான் தெரியவந்தது. 1961 முதல் முப்பது வருடத்துக்கு மேல் ஃபேண்டமை வரைந்த அதே சை பேரி. இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை ஒன்றுதான்.)

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு என்ன பலம் உண்டு என்பதற்கு நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. 2012 மே மாதம் ஞாபகமிருக்கும். பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் சங்கர் 1949இல் வரைந்த கேலிச்சித்திரம். அரசியல் சாசனம் என்ற நத்தை மேல் பாபாசாகேப் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையோடு நிற்கிறார். தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். உடனே நமக்கு எத்தனை அறிவுரைகள்! நகைச்சுவை உணர்வு இல்லாதவர்கள், கார்ட்டூனைப் படிக்கத் தெரியாதவர்கள், நேருவே சிரித்துவிட்டுப் போனார், உங்களுக்கு என்ன? ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு வாதாடினால் அப்படித்தான் ஆகும். ஒரு படம் எப்போதும் "சும்மா ஒரு ஜோக்"தான். பிறகு உன்னாமதி சியாம சுந்தர் பழைய ஆங்கில ஏடுகளைத் தோண்டினார். 1932 முதல் 1956 வரை அம்பேத்கரை வைத்து வரைந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களை ஒன்றாகச் சேர்த்தார். 2019இல் நவயானா அதை நூலாக வெளியிட்டது. வரிசையாகப் புரட்டுங்கள். ஒரு படத்தில் குள்ளமாக இருக்கிறார், இன்னொன்றில் பெண்ணாக, வேறொன்றில் அழுகிற குழந்தையாக. நூறாவது படத்துக்கு வரும்போது ஜோக் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா பார்க்கலாம்.

அவருக்கு அந்த ஏடுகளைத் தேடிப்போய்ப் பார்க்க வாய்த்தது. பரமக்குடியிலோ அரியலூரிலோ இருக்கிற நம் மாணவிக்கு? அந்த ஏடுகள் முழுவதும் ஸ்கேன் ஆகித் திறந்து கிடந்தால் அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து அதே வேலையைத் தமிழ் ஏடுகளுக்குச் செய்வாள். தமிழ் வார இதழ்கள் எங்களை எப்படி வரைந்தன என்று ஒரு தொகுப்பு வந்தால் யார் யார் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நூலக அடுக்கில் பூட்டிக் கிடக்கும்வரை பலருக்கு நிம்மதி.

இதுவரை படித்துவிட்டு என்னைத் திரையின் தரகர் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். திரை செய்கிற அநியாயமும் எனக்குத் தெரியும்.

பீமாயணம் படித்திருப்பீர்கள். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டுக் கலைஞர்கள் வரைந்து 2011இல் வந்த அண்ணலின் வாழ்க்கைக் கதை. மற்ற காமிக்ஸ் மாதிரி அதில் கட்டம் கிடையாது. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று அந்தக் கலைஞர்கள் தெளிவாக இருந்தார்கள். பக்கம் முழுக்கக் கோலம் மாதிரி ஒரு கோடு வளைந்து ஓடும், அதுதான் கதையைப் பிரிக்கும். அன்பாகப் பேசினால் பேச்சுக்குமிழி பறவை வடிவத்தில் இருக்கும். சாதித் திமிரோடு பேசினால் குமிழியின் வாலில் தேள்கொடுக்கு. இதைச் செல்போனில் படித்துப் பாருங்கள். பல செயலிகள் பக்கத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டும். கட்டமே இல்லாத பக்கத்தை எங்கே வெட்டும்? தண்ணீர் கேட்ட சிறுவனின் முகம் ஒரு தள்ளலில், தண்ணீர் அடுத்த தள்ளலில். அந்தப் பக்கத்தில் தாகமும் தண்ணீரும் ஒரே உடம்பாக வளைந்து கிடக்கின்றன. தள்ளித் தள்ளிப் பார்த்தால் அது போய்விடுகிறது. எங்கள் காலனி இரவுப் பாடசாலைக்கு நான் அந்த நூலை அச்சில்தான் வாங்கி வைத்திருக்கிறேன். நாலு பிள்ளைகள் நாலு மூலையில் பிடித்துக்கொண்டு படிக்கும்.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, இனி தாள் எதற்கு என்று தூக்கிப் போடுகிற புத்தி இன்னொரு அநியாயம். அமெரிக்க நூலகங்கள் இதை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. பழைய நாளிதழ்களைக் கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமில் எடுத்துவிட்டு அசலைக் கழித்துக்கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காமிக்ஸின் வண்ணம் முழுவதும் அதோடு போனது. பில் பிளாக்பியர்ட் என்ற ஒரு மனிதர் கழித்த கட்டுகளையெல்லாம் வாங்கித் தன் வீட்டில் அடுக்கிவைத்தார். கடைசியில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அவர் சேகரிப்பைக் கொண்டுபோக ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. 75 டன். நம் ஊரில் ரோஜா முத்தையா கோட்டையூரில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது இல்லையென்றால் தமிழ் அச்சு வரலாற்றில் பாதி எடைக்குப் போயிருக்கும். எடைக்குப் போன தாள் எங்கே போகும் என்று நான் மேலேயே சொல்லிவிட்டேன்.

விற்பனையில் இருக்கிற இதழ்களைத் திருட்டு ஸ்கேன் போடுவதற்கும் நான் ஆதரவில்லை. சிறு பதிப்பாளர் வயிற்றில் அடிப்பது புரட்சி ஆகாது. வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். என் பேச்சு, கடையில் கிடைக்காத, மறுபடி அச்சிடவும் போகாத பழைய இதழ்களைப் பற்றியது. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்திருக்கிறோம். அதில் ஓர் அறையை ஒதுக்கி, தமிழ்ப் படக்கதைகளின் அசலைப் பத்திரமாக வைத்து, பதிப்பாளர்களிடம் முறையாக அனுமதி பெற்று, ஸ்கேனைக் கிராம நூலகங்கள் வரைக்கும் திறந்துவிட அரசால் முடியாதா? சேகரிப்பாளர்கள் தங்கள் அலமாரியைத் திறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கேதான் சிக்கல். எல்லோர் கைக்கும் வந்துவிட்டால் அலமாரிக்கு என்ன மதிப்பு?

கடைசியாக, இந்த வருடம் நடந்தது. மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் எண்பதுகளின் நடுவில் வந்த படக்கதை இதழ் ஒன்று கிடைத்தது. அட்டை ஆடுகிறது, பின் துருப்பிடித்திருக்கிறது. இந்தக் கதையைத்தான் நான் ஸ்கேனில் ஏற்கெனவே படித்திருந்தேனே, இருந்தாலும் இருக்கட்டும் என்று வாங்கினேன். பேருந்தில் புரட்டினால், ஸ்கேனில் நான் பார்க்காத பக்கங்கள். நடுவில் விளம்பரங்கள், கடைசியில் வாசகர் கடிதப் பக்கம். அதில் ஏழெட்டுக் கடிதங்கள். நாலாவதாக இருந்த கடிதத்தை எழுதியவன் ஒரு சிறுவன். பெயருக்குக் கீழே முகவரி. ஆதிதிராவிடர் காலனி என்று அச்சில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். போன மாதக் கதையின் முடிவு அவசர அவசரமாக இருந்தது, வில்லன் தப்பித்த வழி நம்பும்படி இல்லை, அடுத்த முறை பக்கத்தைக் கூட்டிப் போடவும் என்று எழுதியிருக்கிறான். பாராட்டு ஒரு வரிகூடக் கிடையாது.

நான் பேருந்தில் அழுதுவிட்டேன், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. அந்தக் காலத்தில் நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒருவன் காசு சேர்த்து வாங்கி, முழுவதும் படித்து, கதை சரியில்லை என்று ஆசிரியருக்குத் தபால் எழுதியிருக்கிறான். தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் என்றால் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் என்று கட்டுரை கட்டுரையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மறுக்க இருக்கும் சாட்சி அந்தக் கடைசிப் பக்கம்தான். ஸ்கேன் எடுத்தவர் அதை விட்டுவிட்டார்.

அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். நல்ல மனிதர், கூலி வாங்காமல் ராத்திரி கண்விழித்துச் செய்கிறவர். "அது கதை இல்லையே தோழர், ஃபைல் சைஸ் வேற கூடிடும். யார் கேக்கப்போறா?" என்றார். நான் கேட்கிறேன் என்றேன். எத்தனை இதழ்களில் இப்படி விட்டிருக்கிறார் என்று கேட்டபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. எல்லாவற்றிலும்தான் என்றார். பிறகு என் பிரதியை 600 டிபிஐயில் அட்டை முதல் அட்டை வரை எடுத்து அனுப்பினேன். துருக்கறையைக்கூட அழிக்க வேண்டாம் என்றேன். இரண்டு நாளில் பழையதை எடுத்துவிட்டு அதை ஏற்றினார். மற்ற இதழ்களின் கடிதப் பக்கங்களையும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். சில இதழ்களின் அசல் அவரிடமே இப்போது இல்லை, விற்றுவிட்டாராம்.

இந்தச் செய்தி எப்படியோ அந்த வாசகர் சந்திப்புக்காரர்களின் காதுக்குப் போயிருக்கிறது. மைக் பிடித்த பெரியவரே எனக்குப் போன் செய்தார். அவருடைய வரிசையில் இந்த ஒரு இதழ்தான் குறைகிறதாம், என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்றார். "முழு ஸ்கேன் இருக்கு, அனுப்பி வைக்கிறேன் சார்" என்றேன். ஸ்கேன் வேண்டாமாம். கடிதப் பக்கத்தையாவது ஒருமுறை பாருங்கள் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, விலையைத்தான் மறுபடி கேட்டார்.

இதழ் இப்போது இரவுப் பாடசாலை மேசையில் கிடக்கிறது. பின்னட்டையை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஏற்கெனவே கிழித்துவிட்டது.